பந்தலுக்கு ஒரு பூ, தோளுக்கு ஒரு பூ: வாசகர் கேள்வி–பதில்

கல்யாணப் பூ அலங்காரத்தைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து, பலருக்கும் பயன்படக்கூடிய எட்டுக் கேள்விகளை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களுடனும் கைப்பேசியிலிருந்து எடுத்த ஒரு படம் இணைக்கப்பட்டிருந்தது. ஆனால் மண்டபத்தின் உயரத்தையோ முகூர்த்த நேரத்தையோ குறிப்பிட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். நான் இந்தத் தொழிலில் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டவை அந்த இரண்டும்தான் என்பதால், எழுதாதவர்களுக்கு நானே கடிதம் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தை மாதம் தியாகராய நகரில் ஒரு பழைய மண்டபத்தில் எங்கள் மகளின் திருமணம். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. மேடை முழுவதும் கூரையிலிருந்து தரை வரை மல்லிகைச் சரம் தொங்க வேண்டும் என்று மகள் ஒரு படத்தைக் காட்டுகிறாள். மண்டபத்தின் கூரை தாழ்வானது. பெண் ஐந்தடி, மாப்பிள்ளை ஆறடி, கூறைப்புடவை அரக்கு நிறம். மேடையும் மாலையும் எப்படி அமைந்தால் நன்றாக இருக்கும்? (மேற்கு மாம்பலம் வாசகி)

பருவத்திலிருந்து தொடங்குகிறேன். மல்லிகை வெயிலுக்குப் பூக்கும் செடி. பங்குனி முதல் ஆனி வரை கோயம்பேட்டுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அதே பூ, பனி விழும் மார்கழியிலும் தையிலும் மிகவும் சுருங்கிவிடும். தையில் முகூர்த்த நாட்களும் அடுத்தடுத்து வருவதால், கிலோ விலை ஆயிரங்களில் போய் நிற்கும். சாமந்தியின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும் என்பதால், குளிர் மாதங்களில் செழித்து வருகிறது. ஆகவே மேடையின் பின்புறத்துக்கு வெள்ளைச் சாமந்தியையும் சம்பங்கியையும் கொள்ளுங்கள். இருபதடி தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கு அது மல்லிகையா சம்பங்கியா என்று தெரியப்போவதில்லை. கிடைக்கிற கொஞ்சம் மல்லிகையை மகளின் தலைக்கும், வரவேற்பில் சந்தனத்துடன் நீட்டும் பூத்தட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மணம் வேண்டிய இடங்கள் அவைதான்.

கூரை தாழ்ந்த மேடையில் சரங்களை நெருக்கமாகத் தொங்கவிட்டால், மணமக்கள் தாழ்வாரத்தில் நிற்பது போலத் தோன்றும். சரங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, எல்லாச் சரங்களையும் பின்சுவரை ஒட்டியே விடச் சொல்லுங்கள். தலைக்கு மேல் முன்புறமாக எதுவும் வர வேண்டாம். இதற்கு அழகைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஹோமம் வளர்க்கும் மேடையில், புகையும் சூடும் எழும் இடத்தில் தொங்கும் பூ அரை மணி நேரத்தில் வாடிவிடும், தெர்மாகோலும் நைலான் துணியும் இருந்தாலோ தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. துணி மடிப்புகளை ஹோமகுண்டத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்கப்போகிறார் என்பதை அலங்காரக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

விளக்கைப் பற்றியும் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வரவேற்புக்குச் சிவப்பு ரோஜாவாலேயே மேடையை நிறைத்திருந்தேன். மாலையில் மண்டபத்து ஆள் நீல விளக்கைப் போட்டதும், அத்தனை ரோஜாவும் கரித்துண்டுபோல் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து, விளக்குப் போடுபவரின் தொலைபேசி எண்ணை வாங்காமல் நான் பூ வாங்கக் கிளம்புவதில்லை.

இனி மாலை. கடையில் ஜோடி மாலை என்றால் இரண்டும் ஒரே நீளத்தில்தான் கட்டித் தருவார்கள். ஆறடி ஆளுக்கு இடுப்புக்குக் கீழே அழகாக நிற்கும் மாலை, ஐந்தடிப் பெண்ணுக்கு முழங்காலைத் தாண்டிப் புடவைக் கொசுவத்தில் புரளும். பெண்ணின் மாலையை ஒரு சாண் குறைத்து, பருமனையும் சற்றே மெலிதாகக் கட்டச் சொல்லுங்கள். நிறத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது: அரக்குப் புடவைமேல் சிவப்பு ரோஜா மாலை புதைந்துபோகும், மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சட்டைமேல் சம்பங்கி மாலை காணாமல் போகும். இருவருக்கும் பொருந்த வேண்டுமானால், சம்பங்கி மாலையில் சாண் இடைவெளிக்கு ஒரு பன்னீர் ரோஜா வளையமும், அதையொட்டி மரிக்கொழுந்தும் வைத்து, குஞ்சத்தை மட்டும் முழுச் சிவப்பாகக் கட்டலாம். மாலை கைக்கு வந்ததும், கழுத்தில் படும் பகுதியின் அடியில் உங்கள் உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பாருங்கள். அவசரத்தில் செருகிய குண்டூசியோ நறுக்கிய கம்பியின் முனையோ நிச்சயம் ஒன்றாவது அகப்படும்.

கேள்வி: என் தங்கையின் நிக்காஹ் அசர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு. வலிமா விருந்து மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு. இரண்டுக்கும் சேர்த்து மல்லிகையை ஒரே நாளில் வாங்கிவிடலாமா? (திருவல்லிக்கேணி வாசகர்)

நிக்காஹுக்கு வாங்கலாம், வலிமாவுக்குக் கூடாது. மல்லிகை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு, பகல் முழுவதும் மொட்டாகவே இருந்து, பொழுது சாயும் நேரத்தில் விரியத் தொடங்கும். அதன் மணம் முழுமை பெறுவது முன்னிரவில். உங்கள் நிக்காஹ் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூ வேறில்லை. அன்று காலை சந்தைக்கு வந்த மொட்டை நண்பகலுக்குள் தொடுத்து முடித்துவிட்டால், மாப்பிள்ளையின் முகத்துக்கு முன் தொங்கும் பூச்சரமான சேராவைக் கட்டும்போது பாதி விரிந்தும் பாதி மூடியும் இருக்கும். சேராவின் சரங்களை மூக்குக்கு நேரே நெருக்கமாக விடாமல், இரு கன்னங்களின் பக்கமாக ஒதுக்கிக் கட்டச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மூச்சுவிட இடம் வேண்டும்.

இரவில் விரிந்த மல்லிகை மறுநாள் பகலுக்குள் ஓரம் பழுப்பேறிவிடும். வலிமாவின் பகல் விருந்துக்கு ரோஜாவும் சாமந்தியும் போதும். கொஞ்சம் மல்லிகை இருந்தே ஆக வேண்டுமென்றால், மொட்டாக வாங்கி, ஈரத் துணியில் தளர்வாகச் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாதபடி ஐஸ் பெட்டியில் வைத்தால் விரிவது தள்ளிப்போகும். உறைநிலைப் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், வெளியே எடுத்ததும் பூ கண்ணாடிபோல் நீர்கோத்துக் கறுத்துவிடும். விடியற்காலை முகூர்த்தம் வைத்திருக்கும் வீட்டாருக்கும் இதே வழிதான்.

கேள்வி: நாங்கள் இருவரும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். ஆனி மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கு அருகே உள்ள ஒரு விடுதியின் கடலோரப் புல்வெளியில், மாலை ஐந்து மணிக்குத் திருமணம். கடலில் சூரியன் மறையும் பின்னணியில், வெள்ளைத் துணியும் தாமரையும் ரோஜா இதழ் பரப்பிய நடைபாதையும் வேண்டும் என்பது எங்கள் ஆசை. (சோழிங்கநல்லூர் இணையர்)

வாழ்த்துகள். ஆனால் சூரியன் நம் ஊரில் கடலிலிருந்து எழும்புகிறதே தவிரக் கடலில் மறைவதில்லை. நீங்கள் பார்த்த படம் கோவாவிலோ கேரளத்திலோ எடுத்ததாக இருக்க வேண்டும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை, அலங்காரத்தின் திசையே இதை வைத்துத்தான் அமைகிறது. விருந்தினரைக் கடல் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கி, அமரவைத்தால் மேற்கு வெயில் அவர்கள் முதுகில் விழும், உங்கள் முகத்திலும் பூவிலும் நல்ல வெளிச்சம் படும். நீங்கள் மட்டும் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். ஆனியில் ஐந்து மணி வெயில் இன்னும் உறைக்கும் என்பதால், முடிந்தால் சடங்கை ஐந்தரைக்குத் தள்ளுங்கள். ஆறரை மணி வாக்கில்தான் பொழுது இறங்கும்.

அடுத்தது காற்று. கோடையில் பிற்பகலுக்குமேல் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசத் தொடங்கி, மாலையில் நன்றாகவே வலுக்கும். அகலமான வெள்ளைத் துணியைப் பந்தலில் கட்டினால் அது பாய்மரத்தின் வேலையைச் செய்யும், பந்தலையே சாய்த்தாலும் வியப்பதற்கில்லை. துணிக்குப் பதிலாகத் தென்னங்கீற்றையும் குருத்தோலைத் தோரணத்தையும் கட்டுங்கள். கடற்கரையிலேயே வளர்ந்த மரத்தின் ஓலை அது, காற்றைத் தன் பிளவுகள் வழியாக விட்டுவிடும். உயரமான கண்ணாடிச் சாடிகள் வேண்டாம். மணல் நிரப்பிய மண்பானைகளும் பித்தளை உருளிகளும் அசையாமல் நிற்கும். ரோஜா இதழ்ப் பாதை கால் மணி நேரத்தில் பக்கத்து விடுதிக்குப் போய்விடும். இதழுக்குப் பதிலாகக் காம்பு நறுக்கிய முழுச் சாமந்தியை இரு ஓரங்களிலும் வரிசையாகப் பதியுங்கள், எடை இருப்பதால் இருந்த இடத்தில் இருக்கும்.

தாமரை வெயிலில் ஒருநாளும் சொன்னபடி கேட்காது. இதழை மடக்கி விரித்து வைத்த தாமரை நிழலிலேயே சில மணி நேரத்தில் ஓரம் கருகத் தொடங்கும். உருளியின் நீரில், நிழல்படும் இடத்தில் மிதக்கவிடுவதற்கு மட்டும் பத்திருபது வாங்குங்கள். ஜெர்பராவும் வேண்டாம், அதன் கழுத்து காற்றில் மடங்கிவிடும். உங்களுக்கு ஏற்ற வெட்டுப்பூ ஆர்க்கிட்தான். தண்ணீர் இல்லாமலேயே ஒரு மாலைப்பொழுதைத் தாங்கும் தடித்த இதழ் அதற்கு. அத்துடன், நாரில் தொடுத்த சம்பங்கிச் சரங்களைப் பந்தல்காலில் சுற்றிவிடுங்கள். சம்பங்கியும் மாலையில் விரியும் பூ, அந்தக் காற்றே மணத்தைக் கடைசி வரிசை வரை கொண்டுபோகும்.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: விடுதியை முடிவு செய்யும் முன், அதே மாலை நேரத்தில் ஒருநாள் அங்கே போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். காலையில் போய்ப் பார்த்தால் காற்றின் அருமை தெரியாது.

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தாறு. கணவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைவியை இழந்த ஒருவரை மணந்துகொள்ள இரு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். புரோகிதர் இல்லாமல், எங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்பது பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதாக இருக்கிறோம். மாலை மட்டும் மாற்றினால் திருமணம் செல்லுமா? நான் தலையில் பூ வைத்துக்கொண்டால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்றும் இருக்கிறது. (ஆதம்பாக்கம் வாசகி)

செல்லும். மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால், இந்துத் திருமணச் சட்டத்தில் நம் மாநிலத்துக்கென 1967-இல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும் என்கிறது. புரோகிதர் தேவையில்லை. திருமணத்தைப் பதிவு செய்வது மட்டும் கட்டாயம் என்பதை மறந்துவிட வேண்டாம். பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையில், சட்டப் புத்தகத்தில் தாலிக்குச் சமமாக மாலை இடம் பெற்றிருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு அந்த மாலைதான் எல்லாம் என்பதால், அலங்காரச் செலவில் பெரும்பகுதியை அதிலேயே போடுங்கள். எடை குறைவாக இருக்கட்டும். நெருக்கமாகக் கட்டிய ரோஜா மாலை இரண்டு கிலோவைத் தாண்டும், கழுத்து எலும்பு தேய்ந்தவர்களுக்கு அது தண்டனை. சம்பங்கி மொட்டும் பச்சை மரிக்கொழுந்தும் சேர்த்து, விரல் பருமனில் நாரில் கட்டிய சரம்போன்ற மாலை உங்கள் இருவருக்கும் அழகாக இருக்கும். வாசலில் வாழைமரம் கட்டாயம் கட்டுங்கள், தெருவுக்குத் தெரியட்டும். கூடத்தில் ஓர் உருளி, சுவரில் ஒரு தோரணம், அவ்வளவு போதும்.

பூ வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேட்டீர்கள். நான்கு முழம் மதுரை மல்லிகை வாங்குங்கள். இரண்டு முழத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியை ஏதாவது சொல்வார் என்று நீங்கள் நினைக்கும் அந்த உறவுக்காரரின் கையில் முதல் ஆளாகக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் அருகில் நின்றாலே இருமல் வருகிறது. பூவே இல்லாமல் திருமணமா என்று வீட்டில் வருந்துகிறார்கள். (அண்ணா நகர் வாசகர், மணமகன்)

மணமில்லாத பூக்கள் நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன. கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் நீளக் காம்பு டச்சு ரோஜாவுக்கு, பன்னீர் ரோஜாவைப் போல மணம் கிடையாது. ஆர்க்கிட், அந்தூரியம் இரண்டும் அப்படியே. மாலையை டச்சு ரோஜா இதழிலும், மணப்பெண்ணின் தலைக்குக் கனகாம்பரத்திலும், மேடையை ஆர்க்கிட்டிலும் அமைத்தால் யாருக்கும் குறை தெரியாது. சாமந்தி வகைகளின் மகரந்தமும் சிலருக்கு ஒவ்வாது என்பதால் அதையும் தவிர்க்கலாம். பூவைவிட எனக்குக் கவலை வேறொன்றில் இருக்கிறது: வாடிய மாலையைப் புதிதுபோலக் காட்டச் சிலர் அதன்மேல் செயற்கை வாசனைத் திரவத்தைத் தெளிப்பார்கள். எதையும் தெளிக்கக் கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஹோமப் புகையையும் சாம்பிராணியையும் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசி, இன்ஹேலரை வேட்டி மடிப்பில் வைக்காமல் மேடையிலேயே நிற்கும் நண்பர் ஒருவரின் சட்டைப்பையில் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: கத்தோலிக்க ஆலயத்தில் என் மகளுக்குத் திருமணம். தவக்காலத்தில் வரும் ஒரு சனிக்கிழமையைத் தவிர வேறு தேதி அமையவில்லை. பீடத்தை முழுவதும் வெள்ளை லில்லியால் மூட விரும்புகிறாள். (சாந்தோம் வாசகர்)

பூக்காரரிடம் போகும் முன் பங்குத்தந்தையிடம் போங்கள். தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பதைத் திருச்சபையின் வழிபாட்டு விதி அனுமதிப்பதில்லை. நான்காம் ஞாயிறுக்கும் பெருவிழா, விழா நாட்களுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. மற்றக் காலங்களிலும் பூவைப் பீடத்தின் மேல் வைக்காமல் அதைச் சுற்றியே அளவோடு வைக்க வேண்டும் என்பதுதான் முறை. பங்குத்தந்தை இசைந்தால், ஆலய வாசலையும் மகளின் கைச்செண்டையும் லில்லிக்கு ஒதுக்கலாம்.

லில்லி விரிந்ததும் உள்ளே நிற்கும் ஆறு மகரந்தப் பைகளையும் விரலால் கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தக் காவிப் பொடி வெள்ளை உடையில் பட்டால் தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்கவும் கூடாது. ஒட்டும் டேப்பை மேலாக வைத்து எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கேள்வி: நான் முடியைத் தோள் வரை வெட்டியிருக்கிறேன். முகூர்த்தத்துக்குப் பூ ஜடை தைத்துக்கொள்ள முடியுமா? (பெரம்பூர் வாசகி)

உச்சியில் சிறு குதிரைவால் கட்டும் அளவுக்கு முடி இருந்தால் முடியும். அந்தக் குதிரைவாலில் சவுரியைச் சேர்த்துப் பின்னி, முன்கூட்டியே தைத்து வைத்த பூ ஜடையை அதன்மேல் வைத்துக் கட்டுவார்கள். ஜடை தைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வாழைப்பட்டையை ஜடை அகலத்துக்கு நறுக்கி, மல்லிகை மொட்டுகளைக் காம்பு உள்ளே போகுமாறு நெருக்கி நெருக்கி ஊசியால் கோப்பார்கள். நடுவில் சாண் இடைவெளிக்கு ஒரு ரோஜாவோ கனகாம்பர வட்டமோ வரும். பட்டையில் ஈரம் இருப்பதால், அட்டையில் தைத்ததைவிடப் பூ அதிக நேரம் தாங்கும், ஆனால் எடையும் கூடும். உங்கள் முடிக்கு அந்த எடை தாங்குமா என்பதைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, சவுரியில் பூவுக்குப் பதிலாக ஈரத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கட்டி, அரை மணி நேரம் வீட்டில் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தலை பின்னுக்கு இழுத்தால், ஜடையை இடுப்புக்கு மேலேயே முடித்துக்கொள்ளுங்கள். நீளம் குறைந்த ஜடைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: மாலை வரவேற்பில் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் சாயும்போது குஞ்சலமும் பூவும் நசுங்காது.

கேள்வி: மண்டபத்தாரே அலங்காரமும் செய்கிறார்கள், வெளியாளை விடமாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது? (வேளச்சேரி வாசகர்)

மேடையை அவர்களிடம் விட்டுவிடுங்கள், மாலையையும் தலைப்பூவையும் தட்டுப்பூவையும் நீங்களே வாங்குங்கள். அதை எந்த மண்டபமும் தடுப்பதில்லை. மேடைக்கு எந்தப் பூ, எத்தனை கிலோ, எவையெல்லாம் பிளாஸ்டிக் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். "மிக்ஸ்டு ஃபிளவர்" என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பூ செருகுவதற்குப் பச்சை நிற நுரைக் கட்டிக்குப் பதிலாக வாழைத்தண்டையோ கோழிவலைக் கம்பியையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். நுரைக்கட்டி மக்காது, வாழைத்தண்டைப் பூவோடு சேர்த்தே உரக்குழிக்கு அனுப்பிவிடலாம். முகூர்த்தம் முடிந்து எத்தனை மணிக்கு மேடையைப் பிரிப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள், அடுத்த வீட்டாரின் வரவேற்பு அன்று மாலையே இருந்தால், உங்கள் குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஏணி வந்து நிற்கும்.